எண் பொருந்திய துப்பாக்கி

தேவராசாவுக்குக் குடி இல்லை, சூது இல்லை; பழைய இராணுவத் துப்பாக்கிப் பைத்தியம் மட்டும் உண்டு. சுடமுடியாதபடி செயலிழக்க வைத்து, பத்திரத்தோடு விற்கிற துப்பாக்கிகளை வாங்கி சட்டன் நகரிலுள்ள தன் வீட்டுச் சுவரில் மாட்டுவார். ஊரில் துப்பாக்கியைக் கண்டாலே வேலி பாய்ந்த மனிதருக்கு லண்டனில் வந்த ஆசை இது!

அவற்றை மனைவி துசியந்தி தூசு தட்டக்கூடத் தொடமாட்டாள். பயம் என்று அவர் நினைத்தார். நினைக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவருடைய அண்ணனை வன்னியில் சுட்டுக் கொன்றது ஆயுதம் ஏந்திய போராளி இயக்கம். அதே இயக்கத்தில் அவள் ஆறு வருடம் இருந்தவள். கல்யாணம் பேசியவர்கள் அதை மறைத்தார்கள். இருபது வருடமாக அவளும் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் அந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், ஐந்து நிமிட வேலை என்று சொல்லி தேவராசா அவளை ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போனார். கோலின் என்ற வெள்ளைக்காரர் செத்துப்போன தகப்பனின் சேகரிப்பை விற்றுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் துவாய் விரித்து, அதன்மேல் எஸ்.எல்.ஆர். என்ற பழைய இராணுவத் துப்பாக்கி ஒன்று கிடந்தது.

தேவராசா பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "இஞ்ச பாரும், உடம்பில ஒரு நம்பர், உள்ளுக்குக் கிடக்கிற துண்டிலயும் அதே நம்பர். எல்லாம் ஒண்டாப் பிறந்தது. மாத்தின துண்டெண்டால் விலை பாதிதான். மரப்பிடியும் பழசு, மினுக்கேல்லை."

கைப்பிடியைப் பின்னால் இழுத்து விட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் துசியந்தி மேசைக்குக் கிட்ட வந்தாள். சுவரில் தொங்குகிற எதிலும் இந்தச் சத்தம் வந்ததில்லை.

"இது ஏன் இப்பிடி அசையுது?"

"பழைய முறையில செயலிழக்கப் பண்ணினது. அதுக்குத்தான் மவுசு."

"பத்திரத்திலயும் அந்த நம்பர்தானோ?"

"முத்திரை கிடக்கு, அதுவே போதும்."

துப்பாக்கியைத் துப்பாக்கியோடு ஒப்பிட்ட சந்தோசத்தில், பத்திரத்தோடு ஒப்பிட மறந்துவிட்டார். பத்துப் பொருத்தமும் பார்த்தவர், பெண் யார் என்று விசாரிக்காமல் விட்ட கதைதான்.

"வேண்டாம், வாங்கோ போவம்."

"உமக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிரித்தபடி துப்பாக்கியைத் தோளில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களைக் குறிபார்த்தார். விரல் விசையில் இருந்தது. சுடக்கூடிய துப்பாக்கியோடு பிடிபட்டால் ஐந்து வருடச் சிறை என்று அவளுக்குச் சொன்னவரே அவர்தான்.

துசியந்தி அதைப் பறித்தாள். குழலை ஆட்களில்லாத சுவர்ப்பக்கம் திருப்பினாள். குண்டுக்கூட்டைக் கழற்றினாள், கைப்பிடியை இழுத்து உள்ளே வெறுமையா என்று பார்த்தாள், நெம்புகோலைத் தள்ளி நடுவால் மடக்கினாள், உள்துண்டை உருவித் துவாயில் வைத்தாள். அவள் நினைத்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் செய்தது. குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது மறுமுனை பளிச்சென்று தெரிந்தது. செயலிழக்க வைத்த துப்பாக்கியில் இருக்கவேண்டிய அடைப்பு எதுவும் இல்லை.

"இது சுடும்," என்றாள்.

கோலின் பதறிப்போய்ப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். அது வேறு துப்பாக்கியின் பத்திரம்; தகப்பன் எப்போதோ விற்றதாக இருக்கும். பாவம், அவருக்கும் இது தெரியாது. உடனே பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். தேவராசாவோ துப்பாக்கியைப் பார்க்கவில்லை. மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் வந்து, கழற்றியது யார் என்று கேட்டது.

"நான்தான்," என்றார் தேவராசா. கோலின் நிலத்தைப் பார்த்தார், மறுக்கவில்லை. துசியந்தி அவர் பக்கம் திரும்பினாள். தன்னைக் காப்பாற்றுகிறார் என்று ஒரு நிமிடம் நம்பினாள்.

கார் கோயில் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது தேவராசா கேட்டார்.

"இயக்கத்தில எத்தினையாம் ஆண்டு போய்ச் சேர்ந்தனீர்?"

ஏன் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒன்றிரண்டு வருடம் தள்ளிச் சொன்னால் தப்பிவிடலாம். இருபது வருடம் மறைத்தவளுக்கு அது பெரிய வேலையா? ஆனால் மனம் வரவில்லை.

"தொண்ணூற்றேழு."

"அண்ணையைச் சுட்டது தொண்ணூற்றெட்டு."

"நான் இல்லை. சத்தியமா நான் இல்லை."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் காரை எடுக்கவில்லை.

"சுட்டது ஆரெண்டு தெரியுமோ?"

பின்னால் இன்னொரு கார் ஹோர்ன் அடித்தது.

"ஓம், தெரியும்," என்றாள் துசியந்தி.