இங்கே பிரிக்கவும்

அம்மா வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. சண்டை நடந்தது, பாத்திரம் பறந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டே, "நான் கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன்" என்றாள். அப்பா "சரி" என்றார். நான் அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலும் பொங்கவில்லை, நானும் பொங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்பார்களே, அந்த எருமை நான்தான். அப்பா சின்ன வயதிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். பெயர்ப் பொருத்தம் இப்போதுதான் கூடிவந்தது. கூடப் படிக்கிறவர்கள் பாவப்பட்டுப் பேசினால் எரிச்சல் வரும். அதுவும் அரை நிமிடத்தில் போய்விடும்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. அதற்கு அடுத்த தெருவிலேயே ஒற்றை அறை பார்த்துக்கொண்டாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேரும் மாதக் கடைசிக்குள் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரே ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் போதும், மனசு மாறிவிடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த அழகில்தான் டிசைன் கல்லூரியில் மூன்றாம் வருட புராஜெக்ட் வந்து சேர்ந்தது. கடையில் விற்கிற ஒரு காபித்தூளை எடுத்துக்கொண்டு, அதன் பண்டிகைக்காலப் பரிசுப் பெட்டியைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். பெட்டியில் ஒரு குடும்பம் தெரிய வேண்டும். கத்தியில்லாமல் கையாலேயே கிழித்துத் திறக்க வர வேண்டும். முடிவில் கண்காட்சி, பெற்றோரும் வரலாம். குடும்பத்தைத் தவிர வேறு எதையுமே வரையச் சொல்லத் தெரியாதா இவர்களுக்கு என்று நினைத்தேன். வரைந்தேன்.

தட்டையான அட்டையில் நீளமாக ஒரு மேசை. இடது பக்கம் அப்பா, வலது பக்கம் அம்மா, நடுவில் நான், ஆளுக்கொரு கோப்பை. வேறு முகங்கள் யோசிக்கச் சோம்பேறித்தனம். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்தினேன். கிழிக்கிற இடத்தில் பல் சக்கரத்தை உருட்டிப் புள்ளி புள்ளியாகத் துளை போட்டேன். மேலே அம்புக்குறி போட்டு 'இங்கே பிரிக்கவும்' என்று எழுதினேன். மடித்து ஒட்டிக் கொண்டுபோய் சார் மேசையில் வைத்தேன்.

எங்கள் சாருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். ஸ்கேல் இல்லாமல் சாப்பிடக்கூட உட்கார மாட்டார். பெட்டியைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பினார். முன்பக்கம் அப்பா. இன்னொரு தடவை திருப்பினார். பின்பக்கம் அம்மா. தட்டையாக இருந்தபோது ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள், மடித்ததும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் இருந்த நான் குறுகலான பக்கவாட்டில் வந்திருந்தேன். துளைக்கோடு சரியாக என் நெற்றியில் தொடங்கி, மூக்கு வழியாகக் கீழே இறங்கியது. நெற்றிக்கு மேலே, 'இங்கே பிரிக்கவும்'.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "தத்துவம்டி!" என்றாள் ஒருத்தி.

"இது வேணும்னே பண்ணதா?" என்று கேட்டார் சார்.

"இல்ல சார். பெட்டியப் பிரிக்கறதத்தான் சொன்னேன். மடிச்சா எப்படி வரும்னு பாக்கல."

மூன்றாம் வருடத்தில் இப்படி ஒரு தப்பைச் செய்ததற்கு அவர் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. குரலை இறக்கி, "இதையே கண்காட்சியில வை. நல்ல மார்க் வரும். யோசிச்சு சொல்லு" என்றார்.

யோசிக்க ஒன்றுமில்லை. இதை வைத்துக்கொண்டு அப்பா அம்மா இரண்டு பேரையும் எப்படி எதிரில் நிறுத்துவது? "மாத்திடறேன் சார்" என்றேன்.

மாற்றினேன். 'இங்கே திறக்கவும்' என்று எழுதி, கோட்டை மூடிக்குக் கொண்டுபோனேன். மூன்று பேரையும் முன்பக்கத்திலேயே வரைந்தேன். முன்பக்கத்தின் அகலமே பதினோரு சென்டிமீட்டர். அதில் பாதியைக் காபித்தூளின் பெயர் அடைத்துக்கொண்டது. மிச்சத்தில் எங்களைத் திணித்தேன். பெட்டிக்குள் பெட்டி அடுக்குவதுபோல நெருக்கி நெருக்கி, ஒரு வழியாக எல்லாரும் வந்துவிட்டோம்.

பிறகு இரண்டு போன். அப்பாவிடம், "பதினோரு மணிக்கு வாங்க, அம்மாவுக்கு டூட்டியாம்" என்றேன். அம்மாவிடம், "பதினோரு மணிக்கு வா, அப்பாவுக்கு எங்கயோ லிஃப்ட் நின்னுபோச்சாம்" என்றேன். பொய் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

கண்காட்சியன்று பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் ஹெல்மெட் அம்மாவின் கையில் இருந்தது. ஒரே வண்டியில் வந்திருக்கிறார்கள்! நினைத்தது பலித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"எங்க எருமை, உன் பெட்டி?" என்றார் அப்பா.

அம்மா ஹெல்மெட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள். லேபில் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கிற மாதிரி விரல் நுனியில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அழகா இருக்குடி. இது நானா?"

"நீதான்மா."

"என் கை எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அப்பாவுக்குக் கோப்பை பிடித்த கை இருந்தது. எனக்கு இரண்டு கையும் இருந்தன. அம்மாவின் ஒரு கை அப்பாவின் தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. இன்னொன்றைப் பெட்டியின் விளிம்பு வெட்டிவிட்டிருந்தது. அவளைக் கழுத்தும் சிரிப்புமாக ஓரத்தில் செருகி வைத்திருந்தேன்.

"இடம் பத்தலம்மா" என்றேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "பத்தல."

அதில் கோபமே இல்லை. அப்பா ஹெல்மெட்டின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்.

"ஒண்ணாத்தானே வந்தீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தச் சொன்னது தெரியும்மா" என்றார் அப்பா. "நேத்து போன்ல பேசிக்கிட்டோம். உன்கிட்ட சேர்ந்து வந்து சொல்லணும்னுதான்... முந்தாநாளே கையெழுத்துப் போட்டாச்சு."

பக்கத்து மேசையில் யாரோ யாரையோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல் பிடுங்குவதற்கு முன் போட்ட ஊசி திடீரென்று விட்டுப்போனால் எப்படி இருக்கும், அப்படி வலித்தது எனக்கு. நான்கு மாதத்து வலி, மொத்தமாக.

"பெட்டியப் பெருசாக்கிடறேன்மா" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற வரையறேன். உன் கை ரெண்டும் வர்ற மாதிரி. வந்துடும்மா."

அம்மா பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே திருப்பி வைத்தாள். என் கன்னத்தைத் துடைத்தாள்.

"மாத்தாதடி," என்றாள். "சரியாத்தான் வரைஞ்சிருக்க."