நாகையா பாட்டு

பவுனம்மாளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது விஷக்காய்ச்சல்தான். 1918ஆம் வருஷம் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயத்துக்கு லயம் பிணம் விழுந்தது. ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்களையும் காய்ச்சல் சேர்த்தே வாரிக்கொண்டு போயிற்று. அம்மா செத்தபோது பாடி அழ ஆளில்லை. பன்னிரண்டு வயதுப் பவுனம்மாள் தானே வாயைத் திறந்தாள். தூக்க வந்தவர்கள் பாடையைத் தூக்காமல் நின்று கேட்டார்கள். அன்று முதல் எந்தச் சாவு வீடானாலும் அவளுக்குத்தான் ஆள் போகும். நல்ல காரியத்துக்கு மட்டும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளிடம் இரண்டு கறார் உண்டு. பிணம் இல்லாத இடத்தில் பாட மாட்டாள். வீட்டில் சும்மா முணுமுணுத்தாலும் சாவை வாசலுக்கு அழைத்ததாகிவிடும். ஒருவருக்குப் பாடியதை இன்னொருவருக்கும் பாட மாட்டாள். எச்சில் இலையைக் கழுவிப் போடுகிற மாதிரி அது என்பாள். செத்தவர் என்ன வேலை பார்த்தார், எதற்குச் சிரிப்பார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு, தலைமாட்டில் உட்கார்ந்து அங்கேயே கட்டுவாள்.

அவள் கல்யாணம் கட்டிக்கொண்டதும் சாவு வீட்டில் பார்த்த ஆளைத்தான். நாகையா சாவுக்குத் தப்பு மேளம் அடிப்பவன். அவள் குரல் ஏறும் இடத்தில் அவன் அடி தாழும். கிள்ளானில் தொடங்கி ரவாங் வரைக்கும் இருவரும் ரயிலேறிப் போய் அழவைத்துவிட்டு வருவார்கள்.

ரவாங்கில்தான் அது நடந்தது. தப்பின் தோலை இறுக்க வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தான் நாகையா. கருகல் நாற்றம் வந்தது. தோல்தான் தீய்கிறது என்று எல்லோரும் கத்தினார்கள். தீய்ந்தது அவன் விரல். அவனோ ஒன்றும் தெரியாமல் பேசிச் சிரித்தபடி தப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். அடுத்த மாதமே அவனைச் சுங்கை பூலோ குஷ்டரோகக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். குஷ்டக்காரன் பெண்டாட்டி தொட்ட வெற்றிலைத் தட்டை யார் தொடுவார்கள்? மூன்று வருஷம் ஒரு சாவு வீட்டிலிருந்தும் அவளுக்கு ஆள் வரவில்லை. ஊரில் மனிதர் சாகாமலா இருந்தார்கள்!

அப்போதுதான் பழனியப்பன் தேடி வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் கிராமபோன் கடை வைத்திருந்தவர். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து வந்து அவர் கடை மாடியில் இறங்கியிருந்தார்கள். மறுநாள் ரயிலுக்குத் திரும்ப வேண்டியவர்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்ட அறையில், மைக்கின் முன்னால் அவளை நிறுத்தினார்கள். அவள் தலைமாட்டைத் தேடித் தரையைப் பார்த்தாள்; பழனியப்பன் அவசரப்படுத்தினார்.

“என்னாக்கா, ஆரம்பிங்கலா. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷந்தான்.”

“பொணம் இல்லாம எப்படிண்ணே பாடுறது?”

“செத்துப்போனவங்க யாரையாச்சும் நெனச்சிக்கங்க.”

“அவங்களுக்கெல்லாம் பாடி முடிச்சிட்டேனே.”

அவள் இன்னும் பாடாதது ஒரே ஒருவனுக்குத்தான். அவன் சுங்கை பூலோவில் உயிரோடு இருந்தான். பாவி, தெரிந்தேதான் செய்தாள். தன்னைக் கூப்பிடாத வீடுகளுக்குள் தன் குரலாவது போகட்டும் என்ற ஆசை அவளுக்கு.

*தோல் காய்ச்சும் தீயினிலே தொலைஞ்ச விரல் எங்கையா,*
*ஆள் கூடி நானழுதா அடி எடுப்பார் யாரையா...*

இரண்டாவது அடியில் பழனியப்பன் நேரமாகிறதென்று விரலைச் சுழற்றிக் காட்டினார். அவள் அவசரமாக மென்று விழுங்கி, “என் நாகையா” என்று முடித்தாள்.

தட்டு வந்தது. காப்பிக்கடைகளில் ஆண்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். தோட்டத்துப் பெண்கள் மட்டும் அவள் தாலியைப் பார்த்தார்கள். “புருஷனுக்கு ஒப்பாரி வச்சிட்டு, பொட்டோட நிக்கிறா பாரு!” என்று காதில் விழும்படியே பேசினார்கள். அவளால் தாங்க முடியவில்லை. சுங்கை பூலோவுக்கு ஓடினாள்.

எட்டி நின்றுதான் பேசலாம். நாகையாவின் மூக்கு அமுங்கிப்போயிருந்தது. கிராமபோன் பெட்டியில் அந்தப் பாட்டை அவனும் கேட்டிருந்தான்.

“தெரியாமப் பாடிட்டேன்யா” என்று பொய் சொல்லி அழுதாள்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது அடியில ஏன் புள்ள ஓடுற? நான் அடிச்சிருந்தா விட்டிருப்பனா?” என்றான். பிறகு, “நெசமா நான் போறப்போ நிதானமாப் பாடு. புதுசாக் கட்டு. இது ஊருக்குப் பாடுனது. எனக்குன்னு ஒண்ணு வேணும்” என்றான்.

தன் தாலிமேல் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓய்வில்லை. குஷ்டத்தை ஊர் மறந்துவிட்டது. தட்டில் பாடியவளை மறக்கவில்லை. கோயில் திருவிழா மேடைகளில் ஏற்றினார்கள். எங்கே போனாலும் “நாகையா பாட்டு! நாகையா பாட்டு!” என்று கூச்சல். சாவு வீட்டில் அவள் செத்தவரைப் பற்றி விசாரித்தால், “அதெல்லாம் எதுக்குக்கா? அந்தப் பாட்டையே பாடுங்க, பேர மட்டும் மாத்திக்கிட்டாப் போச்சு” என்றார்கள். முதல் தடவை நாக்கு கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை. பெட்டியில் கேட்டது கேட்டபடியே வேண்டும் என்பார்கள், அந்த ஓட்டம் உட்பட. இரண்டு வருஷம் அவள் அதைத்தான் பாடினாள்.

1936 மார்கழியில் தகவல் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது நாகையாவைக் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். அவன் கூட்டாளி பக்கிரிசாமி, விரலில்லாத கையால் சைகை காட்டிக் கூட்டத்தை விலக்கி வழிவிட்டான். அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது.

அவனைப் பற்றி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவன் எதற்குச் சிரிப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

*தோல் காய்ச்சும் தீயினிலே...*

நிறுத்தப் பார்த்தாள். குரல் நிற்கவில்லை. இரண்டாவது அடியில் யாரோ எதிரே விரலைச் சுழற்றுகிற மாதிரி அது ஓடியது. “என் நாகையா” என்று முடிந்தபோது மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பக்கிரிசாமி தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அச்சு அசல் பிளேட்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சுக்கா” என்றான்.

பவுனம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறுபடி வாயைத் திறந்தாள். தோல் காய்ச்சும் தீயினிலே என்றுதான் வந்தது.