ஏவுகணை வாசலில் ஒரு கல்யாண வண்டி

அணுகுண்டைத் தலையில் சுமந்த ஏவுகணைகளை ஒருவர்மேல் ஒருவர் குறிபார்த்து நிறுத்தி, ஆண்டுக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகளும், அவற்றுள் ஒரு வகையை அடியோடு அழித்துவிடுவதென்று உடன்பட்டு, அந்தக் கோடையில் வேலையையும் தொடங்கிவிட்டன. உலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பேலாரூஸ் நாட்டுப் பைன் காட்டினுள் இருந்த படைமுகாமில், மழலைப்பள்ளி ஆசிரியை தைசியாவுக்கு மட்டும் அந்தச் சமாதானத்தால் ஒரு சங்கடம் நேர்ந்தது. ஏவுகணை போனால் படைப்பிரிவும் போகும். படைப்பிரிவு போனால் அதில் அதிகாரியாயிருந்த அவளுடைய காதலன் அர்ஸேனியும் போவான். திங்கட்கிழமை ரயிலில் அவன் சீன எல்லையோர முகாமுக்குப் புறப்பட வேண்டுமென்று ஆணை வந்திருந்தது. அந்த எல்லைப் பகுதிக்குள் அதிகாரியின் மனைவி நுழையலாம். காதலி நுழைய முடியாது. ஆகவே, அந்தச் சனிக்கிழமை நண்பகலில் மாவட்ட நகரத்துத் திருமணப் பதிவகம் பூட்டப்படுவதற்குள் அவள் மனைவியாகிவிட வேண்டும்.

இரண்டு சிறிய கார்களில் போயிருந்தால் வம்பே இல்லை. ஆனால் அவளுடைய தந்தை எஃபீம், முகாமின் மோட்டார் கொட்டகைக்குப் பொறுப்பாளர்.

"என் பொண்ணு கல்யாணத்துக்குப் பாதிப் பேரு வண்டியில, பாதிப் பேரு நடையிலயா? எல்லாரும் ஒரே வண்டியிலதான் போகணும்!" என்று சொல்லி, கொட்டகையிலிருந்தவற்றுள் மிக நீளமான மூடுவண்டியைத் தேர்ந்தெடுத்து, உள்ளே பலகைகளைப் போட்டு, வெளியே பூர்ச்சமரக் கிளைகளைக் கட்டி, முன்னால் பொம்மையொன்றையும் உட்காரவைத்துவிட்டார்.

அன்று விடியற்காலையில், முன்னறிவிப்பென்று சொல்லத்தக்க அறிவிப்பு ஏதுமின்றி, அமெரிக்கச் சோதனையாளர்கள் முகாமில் வந்திறங்கினர். அவர்கள் வந்த நொடியிலிருந்து, ஏவுகணையொன்று ஒளிந்திருக்கக்கூடிய அளவு நீளமுள்ள எந்த மூடுவண்டியும், அவர்கள் உள்ளே புகுந்து பாராமல் வாயிலைத் தாண்டலாகாது. இஃது உடன்படிக்கையின் விதி.

கல்யாண வண்டி வாயிலை நெருங்கியபோது, அமெரிக்கர் இருவர் வாயிலின் அகலத்தை அளப்பதற்காகப் பளபளக்கும் அளவுநாடாவொன்றை வழிக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்திருந்தனர். வண்டியின் திரையை விலக்கி அதனைப் பார்த்த கிளாவ்தியா அத்தை, முகாம் சமையற்கூடத்தையே ஆட்டிப்படைப்பவள், கைகொட்டிச் சிரித்தாள்.

"அடி ஆத்தி! அமெரிக்காக்காரன் கயிறு கட்டிட்டான்டி!"

கல்யாண வண்டி போகும் வழியில் அண்டை அயலார் கயிறு கட்டி மறிப்பதும், மறித்தவர்க்குச் சாராயமும் இனிப்பும் கப்பமாகக் கொடுத்து வழி திறப்பதும் அவ்வூர் வழக்கம். கப்பம் வாங்காமல் வழிவிட்டால், மணமக்கள் வாழ்வில் வழி அடைபடும் என்பது நம்பிக்கை.

"அத்தை, அது அளக்குற நாடா," என்றாள் தைசியா.

"எதுவா இருந்தா என்ன? கல்யாண வண்டிக்குக் குறுக்கே பிடிச்சா அது கயிறுதான்!"

அத்தை குதித்திறங்கி, பாவாடை மடிப்பிலிருந்து சாராயப் புட்டியொன்றை எடுத்து நீட்டினாள். மதுவிலக்கில் கடுமை காட்ட வேண்டியவரான மேஜர் சவேல்யெவ், உடனே ஒரு பைன் மரத்தின் உச்சியை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்த சோதனைக் குழுத் தலைவர் கேப்டன் ஹோல்கம்ப், ரஷ்ய மொழியைப் புத்தகங்களில் மட்டும் கற்றவர். "பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! அன்பளிப்பு எதனையும் யான் ஏற்றல் கூடாது. விதி தடுக்கின்றது," என்றார்.

"ஐயோ, கல்வெட்டு மாதிரியே பேசுறானே! ஒரு புட்டி போதலைங்கிறான் போல. அந்தப் பன்றித் தொடையை எடுடி!"

தொடை வந்தது; கேப்டன் ஓரடி பின்வாங்கினார். தேன் கேக் வந்தது; இன்னும் ஓரடி பின்வாங்கினார். ஆனால் நாடாவை மட்டும் விடவில்லை.

எஃபீம் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். "கப்பம் கட்டாம என் பொண்ணு வண்டி நகராது!"

"உள்ளே பாராமல் அவ்வண்டி நகராது!"

"வாங்காம பாக்க விடமாட்டோம்!"

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் எதிரெதிரே நின்றனர். மேஜருக்கு வியர்த்தது. "எஃபீம்! மாஸ்கோவும் வாஷிங்டனும் இப்பத்தான் சமாதானமாகியிருக்கு. நீ இந்த வாசல்ல புதுசா ஒரு சண்டையை ஆரம்பிக்காதே!"

"நானா ஆரம்பிச்சேன், தோழர் மேஜர்? கயிறு பிடிச்சது யாரு?"

கீழே இறங்கியிருந்த அர்ஸேனி வண்டிக்குள் தலையை நீட்டி, "தைசியா, நாம நடந்தே போயிடலாமா?" என்றான்.

"இந்தக் குதிகால் செருப்போடயா? நாம போய்ச் சேர்றதுக்குள்ள பதிவகம் மட்டுமில்ல, படைப்பிரிவையே பூட்டிருவாங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தைசியா அந்த இரு கூட்டத்தாரையும் பார்த்தாள். ஒரே மரக்குதிரையின் தலையை ஒரு குழந்தையும் வாலை ஒரு குழந்தையும் பற்றிக்கொண்டு நிற்பதை அவள் நாள்தோறும் பார்ப்பவள். அங்கே நியாயம் பேசுகிறவள் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். அவள் வெள்ளைப் பாவாடையை வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே குதித்தாள்.

"கேப்டன் ஐயா, கையில வாங்கக் கூடாதுன்னுதானே உங்க விதி? கண்ணால பாக்கலாமா?"

"பார்ப்பதற்கென்றே யான் வந்துள்ளேன்."

"அப்போ நாங்க ஆடினா, அதைப் பாக்குறது அன்பளிப்பா?"

ஹோல்கம்ப், விதிகளெல்லாம் வானத்தில் எழுதப்பட்டிருப்பனபோல் அண்ணாந்து பார்த்து நெடுநேரம் யோசித்தார். "அதுகுறித்து விதி மௌனம் சாதிக்கின்றது."

"அத்தை, ஆடிக் கட்டுற கப்பம் செல்லுமா?"

"ஏன் செல்லாது? எங்கம்மா கல்யாணத்துல கொடுக்க ஒண்ணுமில்லாம ஆடித்தான் வழி திறந்தாங்க. ஆனா எல்லாரும் ஆடணும். ஒருத்தர் உக்காந்திருந்தாலும் செல்லாது!"

அவ்வளவுதான். வண்டியிலிருந்த கூட்டம் முழுவதும் பலகைகளைத் தாண்டிக் கீழே இறங்கியது. அக்கார்டியன் முழங்கியது. சோதனையாளர்கள் எந்த வாயிலில் கடுஞ்சோதனை நடத்த வந்தார்களோ அந்த வாயிலிலேயே புழுதி பறக்கப் போல்கா ஆட்டம் நடந்தது. ஆட்டம் முற்ற முற்ற வண்டி காலியாய் வாய்பிளந்து நின்றது. உதவிச் சோதனையாளர் விளக்கோடு உள்ளே புகுந்தார்.

சற்றைக்கெல்லாம் அவர் குரல் உள்ளிருந்து கேட்டது. கோடியில், நீளமாய், உருண்டையாய், துணியால் சுற்றப்பட்ட பொருளொன்று கிடக்கிறதாம்.

அக்கார்டியன் நின்றது. மேஜர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. எஃபீம் தலையைச் சொறிந்தார்.

"அது... மாப்பிள்ளைக்குன்னு வாங்கின கம்பளம். பதிவகத்து வாசல்ல விரிச்சு அசத்தலாம்னு ஒளிச்சு வச்சேன்."

"ஏன்யா, ஊரே ஏவுகணை தேடுற அன்னைக்கா அதை உருட்டி ஒளிச்சு வைப்பே?" என்று அலறினார் மேஜர்.

கம்பளம் விரிக்கப்பட்டது. அதில் மயிலொன்று தோகை விரித்திருந்தது. முதலில் சிரித்தவர் ஹோல்கம்ப். பிறகு சிரிக்காதவர் எவருமிலர். எஞ்சிய ஆட்டம் அந்த மயிலைச் சுற்றியே நடந்தது.

"விதிக்கு மௌனமாம், ஆனா காலு சும்மா இருக்குதா பாரு!" என்று அத்தை கேப்டனின் பூட்ஸைச் சுட்டினாள். அது தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது. அவர் நாடாவைச் சுருட்டினார். மேஜர் தடைக்கம்பத்தைத் தம் கையாலேயே உயர்த்தினார்.

எஃபீம் வண்டியை ஓட்டிய வேகத்தில் பூர்ச்சக் கிளைகள் வழிநெடுக உதிர்ந்தன. பதிவாளர் ரயீஸா பொத்தாபொவ்னா கைப்பையைத் தோளில் மாட்டி, கதவில் சாவியைத் திருப்பிவிட்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?"

"அமெரிக்கா மறிச்சிடுச்சும்மா," என்றார் எஃபீம், மூச்சு வாங்க.

ரயீஸா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "செருப்பு அறுந்துச்சு, பாலம் உடைஞ்சுச்சு, மாப்பிள்ளை தூங்கிட்டான்... எல்லாச் சாக்கும் கேட்டிருக்கேன். இது புதுசு." சாவி மறுபடியும் திரும்பியது.

முத்திரை விழுந்த ஓசை, தைசியாவின் காதுக்கு அன்று கேட்ட இசையனைத்திலும் இனிதாயிருந்தது. "கசக்குது! கசக்குது!" என்று கூட்டம் கல்யாண வழக்கப்படி கூவியது; கசப்பை இனிப்பாக்கும் பொறுப்பு மணமக்களுடையதாதலால், அவர்கள் முத்தமிட்டுக்கொண்டனர். கூவியவர்களுள் உரத்த குரல் பதிவாளருடையது.

தைசியா, இன்னும் மை காயாத முத்திரையை ஊதிக்கொண்டே கணவனின் காதருகே குனிந்தாள்.

"திங்கட்கிழமை ரயில்ல கீழ்ப் படுக்கை எனக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."