வலது, இடது, வலது, வலது

எழில்மொழிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நீடாமங்கலத்துப் பள்ளியின் பிளஸ் டூ வகுப்பு மொத்தமும் பரீட்சையில் குளுக்கோஸைத் தப்பாக வரைந்திருக்கிறது. வேதியியல் வாத்தியார் இராஜாங்கத்தின் கண்ணுக்கு அகப்பட்டது அவள் ஒருத்திதான்.

"எல்லாரும் ஒரே மாதிரி தப்பு. இவளப் பாத்துதான் காப்பி அடிச்சிருக்கீங்க. எழில்மொழி, நீட் ஸ்பெஷல் கிளாஸ்லேருந்து உன் பேர அடிச்சாச்சு," என்றார். அதோடு விட்டாரா மனுஷன்? "நாத்து பறிக்கிற கைக்குச் சர்க்கரை வரைய வருமா?"

அவள் அம்மா அம்சம் நாற்றுப் பறித்துத்தான் அவளைப் படிக்க வைக்கிறாள். இந்த இலவச வகுப்பு போனால் டாக்டர் படிப்பும் போச்சு. பக்கத்தில் வானதி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். உயிர்த் தோழியாம்! வாயில் என்ன கொழுக்கட்டையா?

"என்ன தப்புன்னு சொல்லுங்க சார்."

"கார்பன் சங்கிலிய நிமித்தி வச்சா, ஓஎச் குரூப்பெல்லாம் மேலேருந்து வலது, இடது, வலது, வலது. அதுதான் டி-குளுக்கோஸ். நீங்க அத்தனையையும் பக்கம் மாத்திப் போட்டிருக்கீங்க. அது கண்ணாடியில தெரியிற எல்-குளுக்கோஸ். நாக்குல இனிக்கும், உடம்புக்குப் பிரயோஜனமில்ல."

"அன்னைக்குக் கையால காட்டுனீங்களே, இன்னொரு தடவ காட்டுங்க சார்."

அந்த வித்தையில் அவருக்கு ஏகப் பெருமை. டிராபிக் போலீஸ்காரர் மாதிரி வகுப்பைப் பார்த்து நின்று, வலக்கை, இடக்கை, வலக்கை, மறுபடி வலக்கை என்று நீட்டினார்.

"கைய எறக்காதீங்க சார்." எழில்மொழி எழுந்து போர்டுக்குப் போனாள். "உங்க வலது கை ஜன்னல் பக்கம் நீட்டுது. அங்க உக்காந்திருக்கிற எங்களுக்கு ஜன்னல் இடது பக்கம்." அவர் காட்டியதை அப்படியே வரைந்தாள். இடது, வலது, இடது, இடது. "நீங்க சொல்லிக் குடுத்த சர்க்கரதான் சார் இது."

வயலில் அறுவடை மெஷின் ஓடுவது கேட்டது.

வானதி எழுந்தாள். "ஆமா சார். எல்லாரும் உங்களப் பாத்துதான் காப்பி அடிச்சோம்."

இராஜாங்கம் கையை இறக்கினார். "சரி சரி, போய் உக்காரு."

"மறுபடி என் பேர எழுதுங்க சார்."

எழுதினார்.

"எங்கம்மா கையப் பத்திச் சொன்னீங்களே, அதையும் திரும்ப வாங்கிக்குங்க."

அவர் பேனாவை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மணி அடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.