திரும்பி வந்த கிராக்கி

தேயிலை விலை படுத்த வருடம், குன்னூர் மார்க்கெட்டில் அழகர்சாமியின் மளிகைக் கடையில் ஓட்டுவதற்கு ஈகூட வரவில்லை. அவர் மகள் ஷண்முகப்ரியா ஊட்டியில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தது அந்த வருடம்தான். ஆய்வுக்குத் தேயிலை வீழ்ச்சியை எடுக்கப்போவதாகச் சொன்னாள்.

"ஒப்பாரிக்கெல்லாம் ஆய்வா? டூரிசம் எழுதும்மா," என்றார் துறைத்தலைவர். "தேயிலைதான்னா நாளைக்குள்ள ஆதாரம் காட்டு. இல்லாட்டி நான் குடுக்கறதுதான் தலைப்பு."

புது மாணவர்களுக்குக் கல்லூரி நூலகம் பயிற்சி நடத்திய வாரம் அது. நூற்பட்டியல் அட்டைகளில் தேடுவது, பழைய இதழைப் பிடிப்பது, அடிக்குறிப்பு போடுவது என்று நூலகர் கருணாகரன் எல்லாம் காட்டினார். கற்ற சூட்டோடு அவள் தேடிப் பிடித்துவிட்டாள்: தேயிலை ஏல அறிக்கைகள், தடித்தடித் தொகுதிகளாக. மேலே சிவப்பு முத்திரை, 'வெளியே தரப்படாது'.

"ஏனுங்க சார், ஒரு ராத்திரிக்கு மட்டும் குடுங்க."

"ரெபரன்ஸ்மா. வெளிய போகாது."

"என் கார்டுக்கு மூணு புக்குன்னீங்கல்லங்க? அந்த மூணையும் விட்டுடறேன். இது ஒண்ணு போதும்."

"இதென்ன காய்கறிச் சந்தையா?"

அவள் குலத்தொழில் அஸ்திரத்தை எடுத்தாள். "அப்ப வேண்டாங்க," என்று பையைத் தோளில் மாட்டி வாசலைப் பார்த்து நடந்தாள். குன்னூர் மார்க்கெட்டாக இருந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் கடைக்காரர் கூப்பிட்டிருப்பார். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். கருணாகரனோ தொகுதியை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பேரம் படியாமல் போய்த் திரும்பி வரும் கிராக்கி தோற்ற கிராக்கி என்பது அப்பாவின் வேதம். படியிறங்கினாலோ டூரிசம். அவள் திரும்பினாள்.

"என்னம்மா, வெலை படியலையா?"

"புக்கு வெளிய வராதுன்னா நானும் வெளிய போகலீங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கருணாகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாத் தொகுதிகளையும் கொண்டுவந்து அவள் முன்னால் அடுக்கினார். ஜன்னல் கதவுகளை அவர் ஒவ்வொன்றாகச் சாத்தும்வரை எழுதினாள்.

மறுநாள் துறைத்தலைவர் அவளுடைய தாள்களைப் புரட்டினார். "உன் கையெழுத்து எப்படிம்மா ஆதாரமாகும்? புக்கு எங்க?"

"அது வெளிய வராதுங்க சார். நீங்கதான் உள்ள வரோணும்."

"நான் எதுக்கு வரணும்?"

"அப்ப சரிங்க," என்று அவள் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு முடியவில்லை.

"ஏம்மா, நில்லு!"

அவள் நிற்கவில்லை. நூலகப் பாதையில் திரும்பினாள். பின்னால் சாரின் பூட்ஸ் சத்தம் வேகமாக வந்துகொண்டிருந்தது.