உதறிக் காயப்போட்ட சட்டைகள்

பேனா மாப்பிள்ளை என்று அவனுக்குப் பட்டம் கட்டியது அவளுடைய அப்பாதான். அதில் தப்பேதும் இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை. இடுப்புப் பையில் ஒவ்வாமைக்கு மருந்து அடைத்த ஓர் ஊசிப் பேனாவைச் செருகிக்கொண்டு அலைகிற ஆம்பளையை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவதாம்? ஒரே ஒரு வேர்க்கடலை வாயில் பட்டால் போதும், ஐயாவுக்கு உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், ஊரைக் கூட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் அடுப்படிக்குப் போய் விசாரணை வைப்பான். அவளுக்கு மானம் போகும்.

அவள் பிறந்தது தேன்பெட்டி வைத்துப் பிழைக்கிற வீடு. அப்பாவைத் தேனீ கொட்டாத நாளே கிடையாது. நகத்தால் கொடுக்கைச் சுண்டி எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் கடலைக்குப் பயந்து சாகிறான் என்றால் அந்த மனுஷன் யாரிடம் போய்ச் சொல்லி அழுவார்?

போதாக்குறைக்கு அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். படித்ததையெல்லாம் சாப்பிட உட்கார்ந்ததும் ஒப்பிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"முதல் தடவை ஒண்ணும் ஆகாது மாமா. உள்ளே வந்ததை உடம்பு எதிரின்னு தப்பா முடிவு பண்ணிக்கும். அதுக்குன்னே ஐ.ஜி.ஈ.ன்னு ஒரு எதிர்ப்பொருளைச் செஞ்சு, மாஸ்ட் செல்லுங்கிற உயிரணுக்கள் மேல ஒட்டி வச்சிரும். அந்த அணுவெல்லாம் தோல்லயும் தொண்டையிலயும் குடல்லயும் காத்துக்கிட்டு இருக்கும். மறுபடியும் அதே பொருள் வந்து அதுல மாட்டுச்சுன்னா, உள்ளே அடைச்சு வச்சிருக்கிற ஹிஸ்டமின்கிற ரசாயனத்தை ஒரே நேரத்துல அவுத்து விட்டுரும். முதல்ல அரிக்கும், அப்புறம் தடிக்கும். ரத்தக்குழாய் தளர்ந்து கசியும். மூச்சுக்குழல் இறுகும். ரத்த அழுத்தம் விழுந்துரும்."

"ஒரு கடலைக்கா இவ்வளவு கூத்து?"

"கடலை பாவம், அது ஒண்ணும் பண்ணலை. பண்றது பூரா நம்ம உடம்புதான்."

"அப்ப உங்க உடம்புக்குத்தான் புத்தி இல்லைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்பார் அப்பா, மேலுதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. அந்தக் கூடத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது அவள்தான்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியிருந்தது தேன்பெட்டிகள் வைத்திருந்த அந்தத் தோட்டம். அப்பாவின் பக்கத்தில் நின்றால்தானே அது கிடைக்கும்? அந்த வீட்டில் பெண்கள் பெட்டியைத் திறப்பதில்லை. பெண்களுக்கு ஒதுக்கிய வேலை துணி. அப்பா கழற்றிப் போடுகிற வெள்ளைச் சட்டைகளைக் கொல்லையில் உதறி, துவைத்து, காயப்போட வேண்டும். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் செய்த வேலை அது. உதறினால் செத்த ஈயும் காய்ந்த கொடுக்கும் மஞ்சள் தூசியும் மூஞ்சியில் அடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ மடிப்புக்குள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஈ அவள் விரலில் கொட்டும். அவ்வளவுதான் தேனீக்கும் அவளுக்கும் இருந்த உறவு.

தம்பி அலுவலக வேலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். தோட்டத்தைப் பக்கத்துக்காரனுக்குத் தள்ளிவிட அப்பா பார்த்தார். அவள் விடவில்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு அவர் இறங்கி வந்தார்.

"எங்கப்பா எனக்கு எப்படிக் குடுத்தாரோ அப்படித்தான் நானும் குடுப்பேன். வெறுங்கையால ஒரு பெட்டியைத் திற. உள்ளே இருக்கிற தேனடைச் சட்டம் ஒண்ணை எடுத்துக் காட்டிட்டுத் திரும்ப வை. எத்தனை கொட்டினாலும் முகம் சுளிக்கக் கூடாது. அப்புறம் கொட்டகைச் சாவியும் தோட்டமும் உன்னுது."

அன்றைக்குக் காலையில் புருஷனும் கூட வந்தான். வந்தவன் வேலிப் படலைத் தாண்டவில்லை.

"கையுறை போட்டுக்கக் கூடாதா?" என்றான் அங்கிருந்தே.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குக் கை அமைந்திருந்தது. அளவாகப் புகை காட்டினாள். அதிராமல் மூடியை நகர்த்தினாள். தேன் கட்டிய சட்டம் ஒன்றை ஈக்களோடு சேர்த்து வெளியே தூக்கினாள். அப்பா தலையை ஆட்டினார். கட்டைவிரல் முதுகில் ஓர் ஈ கொட்டியது. அவரைப் போலவே நகத்தால் சுண்டிவிட்டாள். அந்த நொடியில் அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அப்புறம் உள்ளங்கை அரித்தது. கொட்டின இடம் இல்லை, இரண்டு உள்ளங்கையும். அடுத்து உச்சந்தலை. கழுத்தில் சூடாக ஏதோ தடித்துக்கொண்டு ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் அவன் ஒப்பிப்பானே, அதே வரிசை. ஒன்றுகூட இடம் மாறவில்லை. உயிர் போகிற பயத்தைவிட அதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கடலைக்குச் சுருண்டு விழுகிறவனைப் போல நானா, அதுவும் அப்பா கண் முன்னாலேயா? சட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டால் போதும், சாவி கைக்கு வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

"முகத்தைச் சுளிக்காதே" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லை" என்றாள். குரல் கரகரத்து, பாதிதான் வெளியே வந்தது.

அந்தப் பாதிக் குரல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்குப் போதுமாக இருந்தது. முகத்துக்கு வலைகூட இல்லாமல் ஈக்களுக்கு நடுவில் ஓடி வந்தான். அவள் கையிலிருந்த சட்டத்தைப் பிடுங்கித் தரையில் வைத்தான்.

"தண்ணி குடுங்க, சரியாயிடும். என்னைக் கொட்டாததா இவளைக் கொட்டிருச்சு?" என்று அப்பா குறுக்கே வந்தார்.

"நகருங்க மாமா."

கல்யாணமான நாளாக அவன் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவளைத் தரையில் படுக்கவைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, துணிக்கு மேலேயே தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தான். காலிப் பெட்டி ஒன்றை இழுத்து அவள் காலை அதன்மேல் தூக்கி வைத்தான். கண் இருட்டிக்கொண்டு போகும்போது அவன் கழுத்தில் இரண்டு ஈ கொட்டுவதை அவள் பார்த்தாள். அவன் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாள்வரை விடவில்லை. அடங்கினது மறுபடி கிளம்பலாம் என்றார்கள். டாக்டரம்மா கட்டிலருகே வந்து கேட்டபோது வீட்டு விஷயம் எல்லாவற்றையும் சொன்னாள், துணி உட்பட.

"உங்க அப்பா தினம் கொட்டு வாங்கறார். அவர் உடம்பு பழகிப்போய் வேற வகை எதிர்ப்பொருள் செஞ்சிருக்கும், அது குறுக்கே நின்னு விஷத்தைத் தடுத்துரும். எப்பவாவது ஒரு கொட்டு வாங்கற உங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. தேனீ வளர்க்கிறவங்க வீட்டு ஆளுங்களுக்கு இப்படி வர்றது உண்டு."

"சட்டை உதறின தூசியிலயுமா?"

"அதுவும் சேர்ந்திருக்கலாம். அந்த விஷத்தையே துளித்துளியா ஊசியில ஏத்தி உடம்பைப் பழக்கலாம். சில வருஷம் ஆகும், ஆனா பெரும்பாலானவங்களுக்கு நல்லாக் கேட்கும். அதுவரைக்கும் பேனா கையிலயே இருக்கணும்."

வண்டியில் வரும்போது புருஷன் பக்கம் திரும்பினாள். அவளே கேட்டாள். "அந்த மாஸ்ட் செல் கதையை மறுபடியும் சொல்லுங்க. மெதுவா."

அப்பா கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூடை நிறைய அழுக்குச் சட்டைகள். அவளுக்காகத்தான் காத்திருந்தன.

"பக்கத்துத் தோட்டக்காரனை வரச் சொல்லிட்டேன், பேசி முடிச்சிடலாம்" என்றார். "ஒரு ஈக்கே உனக்குத் தொடையில குத்த வேண்டியதாப் போச்சு. நம்ம ரத்தம் இல்லை போல."

சொல்லிவிட்டு மேலுதட்டை ஒரு பக்கமாக இழுத்தார். கடலைக்கு இழுத்த அதே இழுப்பு. அந்த உதட்டை அவள் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறாள். எவ்வளவு கேவலமான மூஞ்சி அது என்று இப்போதுதான் தெரிந்தது.

கூடையைக் காலால் தள்ளி அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நம்ம ரத்தம்தான்ப்பா. நீங்க தினம் கொட்டு வாங்கித் தேறிட்டீங்க. உங்க அழுக்கை உதறி உதறி நான் இப்படி ஆனேன். உங்க வீரமெல்லாம் துவைக்க ஆள் இருந்தவரைக்கும்தான். ஊசி திங்கக்கிழமை ஆரம்பிக்குது. அது முடியறவரைக்கும் பெட்டியை நீங்க பாருங்க, அப்புறம் நான் பார்ப்பேன். விக்கிற பேச்சை எடுத்தீங்கன்னா, உங்க சட்டையை உதறின பொண்ணு சாகக் கிடந்ததாலதான் விக்கறீங்கன்னு வர்றவன்கிட்ட நானே சொல்லுவேன். துணி துவைக்கிற வேலை இன்னையிலிருந்து உங்களுது."

அவர் மருமகனைப் பார்த்தார். அவன் வாசற்படியில் நின்று, "காத்துக்கு எதிரா நின்னு உதறாதீங்க மாமா" என்று மட்டும் சொன்னான்.

அவர் ஒரு சட்டையை இரண்டு விரலால் தூக்கி உதறினார். மஞ்சள் தூசி கிளம்பியது. ஈக்கூட்டத்துக்கு நடுவில் மார்பைத் திறந்துபோட்டு நடக்கிற மனுஷன், தோளிலிருந்த துண்டை எடுத்து அவசரமாக மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. புதுப் பேனாவை இடுப்பில் செருகிக்கொண்டு, தூசி வராத தூரத்தில் தள்ளி நின்று, கடைசிச் சட்டைவரைக்கும் உதறுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.