குன்றின்மேல் புகை

தங்கராசு நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மந்தாரக்குப்பத்தில் பிடித்திருக்கும் வாடகை வீட்டில் கட்டில் போடவே இடம் போதாது. ஒரே பெரிய பலகைமேல் கூடத்தை அடைத்து நிற்கும் பொம்மை ரயிலையும் அதன் ஊரையும் எங்கே வைப்பது? பக்கத்து கிளப் ஏற்றுக்கொண்டால் பிழைத்தது, இல்லையென்றால் உடைத்துப் போட வேண்டியதுதான். அதைப் பார்க்கத்தான் கிளப் செயலாளர் தெய்வசிகாமணி வந்திருந்தார்.

ரயில் மட்டும்தான் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் தங்கராசுவின் மனைவி பொற்கொடியின் கைவேலை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்துத் துடைப்பக்குச்சியில் ஒட்டினால் வேப்பமரம். சாயம் போட்ட மரத்தூள் புல்வெளி. காய்ந்த டீத்தூள் செம்மண். இத்தனை மரத்தையும் கடையில் வாங்கப் போனால் சொத்தை எழுதிவைக்க வேண்டும். குன்று மட்டும் தங்கராசுவின் வேலை. தெர்மகோல் மேல் அசல் நிலக்கரித்தூளையே கொட்டி, அதன் தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பையும் தாழத் தொங்கவிட்டிருந்தார். சுரங்கத்துக்காரன் குன்றுக்குக் கறுப்புப் பெயிண்டா அடிப்பான் என்ற வீம்பு.

பல்பு எரிந்தது, ரயில் ஓடியது. கரி புகையும் வாடை வந்தது. சுரங்க டவுன்ஷிப்பில் அது எப்போதும் வருவதுதானே, யாரும் சட்டை செய்யவில்லை.

"குன்றுல புகைகூட வருதே, எப்படிங்க செட் பண்ணீங்க?" செயலாளர் மனம் குளிர்ந்துபோனார். "பசங்க பார்த்தா விடமாட்டாங்க. சாயங்காலமே வேன் அனுப்பிடறேன்."

தங்கராசு குனிந்து குன்றைப் பார்த்தார். அவர் புகை எதுவும் செட் பண்ணவில்லை. சர்வீஸ் முழுக்க நிலக்கரிக் குவியலில் தண்ணீர் பீய்ச்சியவர் அவர். மேலே இழையாகப் புகைந்தால் உள்ளே கனல் பரவிவிட்டது என்று தெரியாதா? பொற்கொடியும் பார்த்துவிட்டாள். ஆள் கிளம்பட்டும், பேசாதீர்கள் என்று கண்ணைக் காட்டினாள். செயலாளர் எழுந்து செருப்பை மாட்டத் தொடங்கினார். குன்றின் ஓரம் உருகிச் சரிந்தது.

தங்கராசு பிளக்கைப் பிடுங்கி, குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். "தள்ளி நில்லுங்க சார். அது நெருப்பு."

பச்சைச் சாயம் கரைந்து தண்டவாளத்தில் ஓடியது. செயலாளர் அதைப் பார்த்தபடி நின்றார்.

"பசங்க வர்ற இடங்க, இது வேணாம். தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவரு படியிறங்கற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? நான் கண்ணக் காட்டிக்கினேதானே இருந்தேன்" என்றாள் பொற்கொடி.

"கை நிக்கலம்மா."

அவளுக்கு அழுகை முட்டியது. உள்ளே போனவள் ரம்பத்தோடு திரும்பினாள்.

"பலகைய அந்தப் பக்கம் புடிங்க" என்றாள்.